ஆம்பிசயான்

அழிந்துபோன ஊனுண்ணிப் பேரினம். ‘கரடிநாய்’ என்பார்கள், ஆனால் இது கரடியுமல்ல, நாயுமல்ல, ஆம்பிசயோனிடே என்ற தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரான்சின் சான்சான் புதைபடிவங்களைக் கொண்டு 1836-இல் லார்த்தே பெயரிட்டார். மயோசீன் காலத்தில் ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்காவில் வாழ்ந்தது. பெரிய இனங்கள் பல நூறு கிலோ எடை கொண்டவை.

பல்லில்தான் சுவாரசியம். முன்பகுதி நாயைப் போல இறைச்சியை வெட்டும். பின்கடைவாய்ப் பற்கள் அகன்று, எதையும் நொறுக்கும். இன்றைய நாய்கள் இழந்துவிட்ட மூன்றாம் மேல் கடைவாய்ப்பல் இதற்கு இருந்தது.

இந்தியத் துணைக்கண்ட இனமான ஆம்பிசயான் பேலியிண்டிகஸை, சிவாலிக் படிவுகளிலிருந்து லைடெக்கர் 1876-இல் விவரித்தார். ஆனால் தமிழ்நாட்டில், போளூரை அடுத்த ஜவ்வாது மலையில் இதன் புதைபடிவங்களைத் தேடுவது வீண்வேலை. அங்குள்ள சார்னகைட், நைஸ் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. அப்போது பாலூட்டிகளே கிடையாது.