சுவரும் கட்டடக்கலைதான்

மதுரையின் கட்டடக்கலை பற்றிய நூல்களைப் புரட்டினால் கோபுரங்களின் உயரமும் தூண்களின் எண்ணிக்கையும் கிடைக்கின்றன. யாரை உள்ளே விட்டார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்ற கணக்கு கிடைப்பதில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி. அந்த உயரத்தைத் தூரத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். ஆகவே ஒரு கட்டடத்தை நாம் அதன் வாசலிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறோம்.

1939 ஜூலை 8 அன்று அந்த வாசல் திறந்தது. அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தலித்துகளும் நாடார் ஒருவரும் உள்ளே சென்றனர். ராஜாஜி அரசு பின்னர் சட்டம் கொண்டுவந்தது. எதிர்த்தவர்களில் சிலர் தனியே ஒரு மீனாட்சி கோயிலையே அமைத்துக்கொண்டார்கள். தெய்வத்தை இடம் மாற்றத் துணிந்தார்கள். நம் பக்கத்தில் நிற்கத்தான் மனம் வரவில்லை! இந்த நிகழ்வு அழைத்துச் சென்றவரின் பெருந்தன்மைக் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. காலெடுத்து வைத்தவர்களில் பின்னாளில் அமைச்சரான கக்கனைத் தவிர எத்தனை பேரின் பெயர் நம் மாணவர்களுக்குத் தெரியும்?

அதுவரை இக்கோயிலுக்குள் செல்ல மறுத்திருந்த காந்தி 1946இல் உள்ளே வந்தார். 1959 ஏப்ரல் 15 அன்று, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்தார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன் வந்து நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு துணிக்கு அந்த வலு உண்டென்றால் செங்கல்லுக்கும் உண்டு.

நாம் சொல்வது உத்தப்புரத்துச் செங்கல்லை. பேரையூர் வட்டத்திலுள்ள அந்த ஊரில், 1989 மோதலுக்குப் பின் சாதி இந்துக்கள் எழுப்பிய சுவர் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்றது. பிரதான சாலைக்குப் போகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. 2008இல் சுவரின் மேல் மின்கம்பியும் ஓடியது. போராட்டங்களுக்குப் பிறகு, அந்த ஆண்டு மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. இடிந்தது முழுச் சுவரல்ல, சுமார் 15 அடிதான். அதையும் பொறுக்காமல் சாதி இந்துக் குடும்பங்கள் பல ஊரை விட்டு வெளியேறி மலையடிவாரத்தில் தங்கின. முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் செல்ல 2011 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்த அவமானத்தை எதற்குக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். அவமானம் கட்டியவர்களுடையது. பெர்லின் சுவரின் துண்டுகளை உலக அருங்காட்சியகங்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கின்றன. மண்டேலாவை அடைத்த ராபன் தீவுச் சிறையே இன்று அருங்காட்சியகம். நமக்கோ, 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட மேலவளவு முருகேசனையும் மற்ற ஐவரையும் நினைக்க, நாமே எழுப்பிய விடுதலைக் களம் இருக்கிறது. நகரத்துச் சுற்றுலா வரைபடம் அதுவரை நீள்வதில்லை.

மதுரைக்குப் பக்கத்தில் கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. பழந்தமிழர் கட்டிய செங்கற்சுவர்களைப் பற்றி அங்கே பெருமையோடு படிக்கிறோம். அந்தப் பெருமை நமக்கும் உரியது. அதே மண்ணில் சுட்ட இன்னொரு செங்கல்லும் அரசு அருங்காட்சியகத்துக்குள் வர வேண்டும் என்பது நம் கோரிக்கை. அதன் கீழே அட்டையில் எழுத வேண்டியது அதிகமில்லை: ஊரின் பெயர், கட்டியவர்கள் யார், யாரைத் தடுக்கக் கட்டினார்கள், எத்தனை ஆண்டுகள் நின்றது.