பித்தளைக் குழலில் தோடி

1980-ஆம் ஆண்டில் பம்பாயில் ஒரு சங்கீத விழா நடந்தது. ‘ஜாஸ் யாத்ரா’ என்று அதற்குப் பெயர். யாத்திரை என்றவுடன் காசி, ராமேசுவரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தங்கள் துயரத்திலிருந்தும் களிப்பிலிருந்தும் உண்டாக்கிய ஜாஸ் சங்கீதத்துக்காக 1978-இல் தொடங்கிய விழா அது. கடல் கடந்து வந்த வித்வான்கள் மேடையை நிறைத்தார்கள். அவர்களுக்கு நடுவே மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த முப்பது வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். கையில் சாக்ஸபோன், வாசித்ததோ கர்நாடக சங்கீதம்.

கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த ஜான் ஹாண்டி என்ற சாக்ஸபோன் வித்வான் அதைக் கேட்டார். தாம் சிறு வயதிலிருந்து ஊதிவரும் வாத்தியம் இப்படியும் பேசுமா என்று அவருக்கு ஆச்சரியம் உண்டாகியிருக்க வேண்டும். “உங்களோடு சேர்ந்து நானும் வாசிக்கலாமா?” என்று கேட்டு மேடை ஏறினார். சபை ஆரவாரித்தது. அன்றையிலிருந்து கத்ரி கோபால்நாத் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்த பெயராயிற்று.

இதைப் படிக்கும் தஞ்சாவூர்க்காரர், “மங்களூர்க்காரர் பம்பாயில் வாசித்தார், காவிரிக்கரைக்கு இதில் என்ன சம்பந்தம்?” என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கோபால்நாத்தின் தகப்பனார் தனியப்பா ஒரு நாகஸ்வர வித்வான். பிள்ளை முதலில் பழகியதும் நாகஸ்வரந்தான். நாகஸ்வரம் என்று சொன்ன மாத்திரத்தில் நாம் திருவாவடுதுறைக்கும் திருவிடைமருதூருக்கும் திருவீழிமிழலைக்கும் செம்பொன்னார்கோயிலுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறோம் அல்லவா?

சாக்ஸபோனின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்ப்போம். பெல்ஜியம் நாட்டில் தினான் என்ற ஊரில் 1814-இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் அதைச் செய்தார். 1846-இல் பாரிஸ் நகரத்தில் அதற்கு உரிமை பெற்றார். மனிதர் தம் பெயரை வாத்தியத்துக்கு வைத்தாரே தவிர, அதனால் சுகப்படவில்லை. வழக்குகளிலும் கடனிலும் சிக்கி, திவாலாகி, 1894-இல் ஏழையாகவே காலமானார். வாத்தியம் மட்டும் பட்டாளத்து பாண்டுகளில் புகுந்து உலகம் சுற்றியது. அப்படிச் சுற்றி வந்தது மைசூர் அரண்மனை பாண்டில் ஒலித்துக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன் கேட்டுவிட்டான். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த நாதம் அவன் காதை விட்டுப் போகவில்லை.

அரண்மனை பாண்டு என்றால் தஞ்சாவூர் எதற்கும் குறைந்ததல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி கற்றவர். அவர் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்களைக் கொண்ட பாண்டு ஒன்று இருந்தது. அந்தக் காலத்து மேல்நாட்டு இசைச் சுவடிகளைச் சரஸ்வதி மகாலில் இன்றும் வைத்திருக்கிறார்கள். வீணையும் ஸ்வரபத்தும் ஒரு கூடத்தில்; கிளாரினெட்டும் கொம்பும் அடுத்த கூடத்தில். நடுவிலிருந்த சுவர் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பிடில் முதலில் தாண்டியது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை நம்முடையதாக்கினார்கள். வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்தத்தால் ஆன பிடிலையே பரிசளித்தார். பின்னால் மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைச் சின்ன மேளத்துக்குக் கொண்டுவந்தார். சதிர் ஆடும் இடத்தில் முகவீணை இருந்த ஸ்தானத்தில் கிளாரினெட் வந்து நின்றது. அதற்கும் வெகு காலம் கழித்து, திருச்சி ஏ. கே. சி. நடராஜன் அதை முழுக் கச்சேரி வாத்தியமாக்கினார். “கிளாரினெட் எவரெஸ்ட்” என்று அவருக்குப் பட்டம் கொடுத்தவர் வேறு யாருமல்ல. நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளைதான்.

ஆகவே காவிரிக்கரை அந்நிய வாத்தியத்தைக் கண்டு மிரண்ட சீமை அல்ல. ஆனால் சாக்ஸபோன் விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. பித்தளையால் செய்திருந்தாலும் அது குழல் இனத்தைச் சேர்ந்ததே. நாதம் பிறப்பது வாயில் வைக்கும் ஒரு நாணல் பட்டையில். நம் சீவாளியோ இரட்டைப் பட்டை. அதுவும் நாணல் இனத்துத் தட்டையிலிருந்து செய்வதுதான். குழலின் உள்துளையைப் பாருங்கள். கிளாரினெட்டின் துளை பெரும்பாலும் ஒரே அகலமாகப் போகும். நாகஸ்வரமோ மேலே குறுகி, கீழே வர வர விரியும். சாக்ஸபோனும் அப்படியே. அதனால், அழுத்தி ஊதினால் இரண்டும் சரியாக மேல் ஸ்தாயிக்கு ஏறுகின்றன. கிளாரினெட் அப்படி ஏறாது. ஸ்தாயியையும் தாண்டி மேல் பஞ்சமத்தில் போய் நிற்கும். பெல்ஜியத்துத் தச்சர் பிள்ளை நரசிங்கன்பேட்டையை அறிய மாட்டார். என்றாலும் தூரத்து உறவு ஒன்று எப்படியோ அமைந்துவிட்டது.

உறவு இருந்தாலும் பிணக்கு இல்லாமலில்லை. நாகஸ்வரத்தில் விரல் நேரே துளையைத் தொடுகிறது. பாதி மூடலாம், கால் மூடலாம், மெதுவாக விலக்கலாம். கமகம் அங்கேதான் பிறக்கிறது. சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதேயில்லை. விரல் சாவியை அமுக்க, சாவி மூடியை மூடுகிறது. திறந்திருக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும். இடைப்பட்ட நிலைக்கு அங்கே இடம் மிகக் குறைவு. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்தினால் அது தோடியா? ஆகவே விரல் செய்த வேலையை உதடும் மூச்சும் செய்ய வேண்டியதாயிற்று. கோபால்நாத் சாவிகளிலும் சில மாறுதல்கள் செய்துகொண்டார். மங்களூர் கலாநிகேதனத்தில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் ஆண்டுக்கணக்காகப் பாடம் கேட்டார். வாய்ப்பாட்டை வாத்தியத்துக்குள் புகுத்துவதுதான் அந்தப் பாடம். “இதில் கர்நாடக சங்கீதம் வராது” என்று சொன்னவர்களுக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் வாயால்தான் சொன்னார்.

மேடையில் அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பளபளக்கும் பட்டு ஜிப்பா, நெற்றியில் குங்குமம், சம்மணம். பக்கத்தில் கன்னியாகுமரி அம்மையாரின் வயலின். மிருதங்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் தவிலையும் சேர்த்துக்கொண்டார்; ஹரித்துவாரமங்கலம் பழனிவேல் அவருக்குப் பல கச்சேரிகளில் தவில் வாசித்திருக்கிறார். ஹரித்துவாரமங்கலம் நம் சோழநாட்டு ஊர். சாக்ஸபோனுக்குத் தவில்! தகப்பனாருடைய மேளத்தின் பாதியைப் பிள்ளை தம்மோடு மேடைக்கு அழைத்துவந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றும். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்தும் கச்சேரி வரிசைக்கு அவரை அழைத்தார்கள். கர்நாடக சங்கீத வித்வான் ஒருவருக்கு அந்த அழைப்பு வந்தது அதுவே முதல் தடவை. அதே ஆண்டில்தான் ‘டூயட்’ படம் வந்து, பட்டி தொட்டியெல்லாம் அந்த வாத்தியத்தின் குரல் பரவியது. 2004-இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் அவர் காலமானபோது, இது அந்நிய வாத்தியம் என்று சொல்ல யாரும் மிச்சம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு நெருடல். பிள்ளையை நடுமேடையில், மாலை வேளையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தோம். தகப்பன் வாத்தியத்தை எங்கே வைத்தோம்? டிசம்பர் விழாக்களில் மங்கள இசைக்கு நாகஸ்வரத்தை அழைக்கிறோம். மங்களம் ஆகும்போது நம்மில் பலர் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருப்போம். கல்யாணத்தில் கெட்டிமேளம் என்று கை காட்டுவதோடு நம் ரசனை முடிந்துபோகும். ஒரு காலத்தில் நாகஸ்வரக்காரர் சட்டை போடக்கூடாது, பெரிய மனிதர் முன்னால் உட்காரக்கூடாது என்றிருந்தது. ராஜரத்தினம் பிள்ளை அதை உடைத்தார். தலையில் கிராப்பு, மேலே ஷெர்வானி, விரலில் வைர மோதிரம். உட்காருவதற்கு மேடை போட்டால்தான் வாசிப்பேன் என்றார். கர்வி என்றார்கள். இருக்கட்டும், அந்தக் கர்வம் ஒருவருக்கு மட்டும் பயன்பட்ட கர்வம் அல்ல.

அவர் வாத்தியத்தையும் விட்டுவைக்கவில்லை. பழைய திமிரி நாகஸ்வரம் குட்டையானது. உச்ச ஸ்ருதியில் நான்கு வீதிக்கும் கேட்கும். நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரி அவருக்காக நீண்ட பாரி நாகஸ்வரத்தைக் கடைந்து கொடுத்தார். ஸ்ருதி இறங்கியது, சுத்த மத்தியமம் ஒழுங்காக நின்றது. பரம்பரையைக் காப்பாற்றியவர் என்று நாம் கும்பிடும் மனிதரே வாத்தியத்தை மாற்றினவர்தான். நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்து உத்தரங்களில்தான் அதைக் கடைகிறார்கள். மரத்திலிருந்த பச்சையெல்லாம் வற்றிப்போயிருக்க வேண்டும் என்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது எங்கள் தெருக்கோடியில் ஒரு நாகஸ்வரக்காரர் இருந்தார். கோயிலில் நெல்லும் கொஞ்சம் பணமும் அளந்தார்கள். அவருடைய ஒரே மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஓர் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் ஒதுங்கினார். உள்ளே டேப் ரிக்கார்டரில் கோபால்நாத்தின் தோடி ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன தம்பி இது? பாண்டுக்காரன் குழல் மாதிரி இருக்கு?” என்றார்.

“சாக்ஸபோன் தாத்தா” என்றேன்.

உதட்டைப் பிதுக்கினார். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“யாரு பிள்ளை இவரு?”

“மங்களூர்க்காரராம். அப்பா நாகஸ்வரமாம்.”

“அப்படிச் சொல்லு” என்றார். “அந்தக் காந்தாரத்தை இன்னொரு தரம் போடு.”

போட்டேன். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார். இடுப்பிலிருந்த சின்னத் தகர டப்பியைத் திறந்து ஒரு சீவாளியை எடுத்து, உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே கேட்டார். மழை விட்டிருந்தது. சாயரட்சைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, சீவாளியை வாயிலேயே வைத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்.