பெயரும் பட்டமும்: காஞ்சிபுரம் தேர்தல் துண்டறிக்கைகளை வாசித்தல்

தேர்தல் துண்டறிக்கைகளில் வாக்குறுதியைக் காட்டிலும் வேட்பாளர் பெயர் அச்சாகும் முறையே வலுவான சமூகச் சான்று எனலாம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. அதே மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தில் 1962ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் சி. என். அண்ணாதுரையை எதிர்த்துக் காங்கிரசின் எஸ். வி. நடேச முதலியார் நின்றார். ஒரு பெயரில் பட்டமில்லை, மற்றதில் உண்டு. பிள்ளையார்பாளையத்தின் தறித்தெருக்களில் முதலியார் என்பது நெசவாளர் பலர் தரித்த பட்டம்; அண்ணாவும் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவரே. 1957இல் இதே தொகுதியில் வென்ற அவர் இம்முறை தோற்றார். ஒரு பட்டத்தைக் கொண்டு இத்தோல்வியை விளக்கிவிட இயலாதுதான். ஆயினும் பட்டத்தை அச்சில் நீக்கியது இயக்கத்தின் முடிவு; தெருவும் அவ்வாறே முடிவெடுத்தது என்பதற்கு அத்தாள் சான்றாகாது. பிற்காலத்தில் கட்சிச் சுவரொட்டிகளில் பெரும்பாலும் மறைந்த பட்டம் திருமண அழைப்பிதழ்களில் நீடித்தது. இவ்விரு அச்சுத்தாள்களையும் அருகருகே வைத்து வாசிப்பதே தகும்.