காற்றுக்கு வழி, வெயிலுக்குத் தடை: ஜன்னல் மாற்றும் முன் கொஞ்சம் வரலாறு

‘ஜன்னல்’ நம்ம சொல் இல்லை. போர்த்துக்கீசியர் விட்டுவிட்டுப் போன ‘ஜனேலா’. அதற்கு முன்னால் தமிழில் ‘காலதர்’ என்று ஒரு சொல் இருந்தது, சிலப்பதிகாரத்தில் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கில ‘விண்டோ’வும் அப்படித்தான்: பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றுக்கண்’ என்று பொருள். ஆக, குளிர் ஊரிலும் வெயில் ஊரிலும் ஜன்னல் காற்றில்தான் தொடங்கியிருக்கிறது. பிறகு பாதை பிரிந்துவிட்டது. பிரிந்த இடத்தைத் தேடியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

தேட வேண்டி வந்த காரணம் சாதாரணமானது. சென்னையில் எங்கள் தெருவில் பழைய மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு யுபிவிசி ஸ்லைடிங் போடுகிறார்கள். "டபுள் கிளாஸ் சார், ஏசி பில் பாதியாயிடும்" என்கிறார் விற்பவர். எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலையும் கரையான் தின்றுவிட்டதால் நானும் விலைப்பட்டியல்கள் வாங்கினேன். எல்லாவற்றிலும் ‘யு-வேல்யூ’ என்று ஓர் எண். அது குறையக் குறைய ஜன்னல் உசத்தியாம். சரி, இந்த எண் யாருக்காகப் பிறந்தது?

குளிர் தேசத்தில் காற்றுக்கண்ணை மூடிக் கண்ணாடி போட்டதும், ஜன்னல் என்றால் வெளிச்சம் என்றாகிவிட்டது. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல்களை எண்ணி வரியே போட்டார்கள். ஆனால் வெளிச்சம் வரும் அதே கண்ணாடி வழியாக அறையின் கதகதப்பு வெளியே ஓடும். இதற்கு 1865ல் நியூயார்க்கின் தாமஸ் ஸ்டெட்சன் ஒரு வழி சொல்லிக் காப்புரிமை பெற்றார்: இரண்டு கண்ணாடிகளை ஒட்டி நடுவில் காற்றை அடைத்துவிடு. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. 1930களில் அமெரிக்காவில் ‘தெர்மோபேன்’ என்ற பெயரில் இது வியாபாரத்துக்கு வந்தது. கவனியுங்கள், பிரச்சினை முழுக்க உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பாற்றுவது. யு-வேல்யூ அளப்பதும் அதைத்தான்: உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கடக்கிறது என்று.

அடுத்த திருப்பம் 1973. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்து, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நாலு மடங்கானது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் துகள் இயற்பியல் செய்துகொண்டிருந்த ஆர்தர் ரோசன்ஃபெல்ட் (என்ரிகோ ஃபெர்மியின் மாணவர்) அந்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வீட்டுக்குக் கிளம்பும் முன் தன் மாடியின் விளக்குகளை அணைக்கப் போனார். சுவிட்சுகள் புத்தக அலமாரிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தனவாம். அணைப்பார் யாரும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? மனுஷர் துறையையே மாற்றிக்கொண்டார். அவர் தொடங்கிவைத்த குழுவில் ஸ்டீபன் செல்கோவிட்ஸ் ஜன்னல் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டார்.

இரட்டைக் கண்ணாடியின் இடைவெளியைக் கடக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் கதிர்வீச்சாகவே போகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய உலோகப் பூச்சு, பெரும்பாலும் வெள்ளி, அதைத் திருப்பி அனுப்பிவிடும். இதுதான் ‘லோ-ஈ’. அமெரிக்க அரசின் நிதியோடு வளர்ந்த இந்த நுட்பம் 1981ல் கடைக்கு வந்தது. 1989ல் ஜன்னல்களுக்குத் தரச்சீட்டு தரும் அமைப்பும் அங்கே உருவானது. நம்ம ஊர் விலைப்பட்டியலில் இருக்கும் எண்கள் இந்தப் பரம்பரையில் வந்தவை.

ஆனால் அந்தச் சீட்டில் இன்னோர் எண்ணும் உண்டு: எஸ்எச்ஜிசி. கண்ணாடியில் விழும் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே சூடாக மாறுகிறது என்பது. நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம். ஏன் என்று தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேற்குப் பார்த்த ஒரு சதுர மீட்டர் கண்ணாடி. மாலை 4 மணி, வெளியே 38 டிகிரி, உள்ளே ஏசியில் 26. கண்ணாடி மேல் 500 வாட் வெயில் விழுகிறது என்று வைப்போம். ஒற்றைக் கண்ணாடிக்கு யு-வேல்யூ 5.7, வெப்ப வித்தியாசத்தால் வருவது 68 வாட். எஸ்எச்ஜிசி 0.82, வெயிலால் வருவது 410. மொத்தம் 478. இப்போது சாதாரண இரட்டைக் கண்ணாடி: 34 கூட்டல் 350, மொத்தம் 384. யு-வேல்யூ பாதியாகிவிட்டது, சூடு ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது! வெயிலைத் தடுக்கும் வகை லோ-ஈ இரட்டைக் கண்ணாடி போட்டால் சுமார் 155. சரி, அதே பழைய ஒற்றைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டு, நாலில் மூணு பங்கு வெயிலைத் தடுத்தால்? சுமார் 170. விலை உயர்ந்த கண்ணாடிக்கும் தட்டிக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். தட்டி வெளியே இருக்க வேண்டும் என்பது முக்கியம். உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாச்சு.

லோ-ஈயிலும் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். குளிர் ஊருக்கானது வெயிலைத் தாராளமாக உள்ளே விட்டு, சூட்டை வெளியே விடாது. அதைக் கொண்டுவந்து நம்ம மேற்குச் சுவரில் மாட்டினால் பணம் கொடுத்து அடுப்பு வாங்கின கதைதான்.

வெயில் தேசத்துக்கான அறிவும் எழுதப்படாமல் இல்லை. மேக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் 1956லேயே ஈரப்பதமான வெப்பப் பகுதிகளின் கட்டடக்கலை பற்றிப் புத்தகம் போட்டார்கள். மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், பிறகு லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக்கலையைப் பாடமாகவே நடத்தினார். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது: முதலில் நிழல், அடுத்து காற்று. பழைய மெட்ராஸ் பங்களாக்களின் சாய்ந்த மரப்பட்டைக் கதவுகள் செய்த வேலையும் இதுவே. வெயிலைத் தடுத்துக் காற்றை விட்டன.

சென்னைக்கு ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்துக்கு சன்ஷேட் போதும். மேற்கே தாழ்ந்து வரும் மாலை வெயிலுக்கு அது போதாது. செங்குத்தான மறைப்பு வேண்டும்.

இந்திய அரசு 2018ல் வீடுகளுக்காக ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. அதில் சென்னை போன்ற வெப்ப ஈரப்பகுதிக்குத் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், குளிர் பகுதிக்கு 8.33. நமக்கு இரண்டு மடங்கு. ஓர் அறைக்கு மட்டும் வைத்துப் பார்த்தால், 120 சதுர அடிக்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும். நாலுக்கு நாலு ஜன்னலில் கீல் வைத்த கதவு என்றால் சுமார் 14 சதுர அடி திறக்கும். இரண்டு கதவு ஸ்லைடிங் என்றால் வெறும் 8. மின்சாரம் போன மே மாத ராத்திரியில் இந்த 6 சதுர அடியின் அருமை தெரியும்.

பகல் முழுக்க ஏசி ஓடும் அறையானால், தெருச் சத்தம் தாங்கவில்லையானால், வெயில் தடுக்கும் இரட்டைக் கண்ணாடிக்குச் செலவு செய்யலாம், தப்பில்லை. மற்ற அறைகளுக்கு விலைப்பட்டியலை வாங்கியதும் மூன்று கேள்வி கேளுங்கள். எஸ்எச்ஜிசி எவ்வளவு? முழுக்கத் திறந்தால் எத்தனை சதுர அடி? வெளியே நிழலுக்கு என்ன வழி? யு-வேல்யூ நாலாவது கேள்வியாக இருக்கட்டும்.