இந்தியன் ஆயில் நிறுவனம்

இந்தியன் ஆயில் நிறுவனம் (முழுப்பெயர்: இந்தியன் ஆயில் கார்ப்பரேசன் லிமிடெட்) என்பது இந்திய அரசுக்கு உரிமையான பெட்ரோலிய நிறுவனம் ஆகும். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தல், குழாய்வழிக் கொண்டுசெல்லல், எரிபொருள் விற்பனை ஆகியன இதன் முதன்மைத் தொழில்கள். இதன் பங்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை நடுவண் அரசிடம் உள்ளன. பதிவு அலுவலகம் மும்பையிலும் தலைமை அலுவலகம் புது தில்லியிலும் அமைந்துள்ளன. 1997 இல் நவரத்தினத் தகுதியையும் 2010 இல் மகாரத்தினத் தகுதியையும் இந்நிறுவனம் பெற்றது.

தோற்றம்

விடுதலை பெற்ற இந்தியாவில் எண்ணெய் வணிகம் பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்சு ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. 1954 க்கும் 1957 க்கும் இடையில் மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் அமைந்த சுத்திகரிப்பு ஆலைகளும் இவற்றுடையவையே. பொதுத்துறையில் ஆலைகளை அமைப்பதற்காக 1958 இல் இந்தியன் ரிபைனரீசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பெரோசு காந்தி. விற்பனைக்கென 1959 சூன் 30 அன்று இந்தியன் ஆயில் கம்பெனி நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் எசு. நிசலிங்கப்பா.

சோவியத் ஒன்றியம் குறைந்த விலையில் தர முன்வந்த கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க வெளிநாட்டு நிறுவனங்கள் 1960 இல் மறுத்தன. அன்றைய எண்ணெய்த்துறை அமைச்சர் கே. டி. மாளவியா, சோவியத் எரிபொருளைப் பொதுத்துறையின் வழியாகவே இறக்குமதி செய்ய முனைந்தார். உசுகோரோத் என்னும் கப்பல் இந்நிறுவனத்துக்கான முதல் டீசல் சரக்குடன் 1960 ஆகத்து 17 அன்று மும்பையின் பீர் பாவ் துறையை அடைந்தது. 1964 செப்டம்பர் 1 அன்று இரு நிறுவனங்களும் இணைக்கப்பட்டு இன்றைய பெயர் சூட்டப்பட்டது.

சுத்திகரிப்பு ஆலைகள்

உருமேனியாவின் உதவியுடன் கட்டப்பட்ட குவகாத்தி ஆலை 1962 சனவரி 1 அன்று சவகர்லால் நேருவால் திறந்துவைக்கப்பட்டது. இதுவே இந்தியப் பொதுத்துறையின் முதல் சுத்திகரிப்பு ஆலை. அடுத்து வந்த பரௌனி (1964), கோயலி (1965) ஆலைகள் சோவியத் உதவியுடன் அமைந்தவை. பின்னர் ஆல்தியா (1975), மதுரா (1982), பானிப்பட்டு (1998), பாரதீப் (2016) ஆகிய ஆலைகள் இயங்கத் தொடங்கின.

அசாமிலுள்ள திக்பாய் ஆலை இவை அனைத்திலும் மூத்தது. 1901 இல் இயங்கத் தொடங்கிய அது, 1981 இல் அசாம் ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு, விற்பனைப் பிரிவுகளுடன் இந்நிறுவனத்தின் வசமானது. பொங்கைகாவ் ஆலை 2009 இல் இணைக்கப்பட்டது. சென்னை மணலியில் ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலிய நிறுவனம் 2001 முதல் இதன் துணை நிறுவனமாக உள்ளது. துணை நிறுவனத்தையும் சேர்த்துக் குழுமத்தின் சுத்திகரிப்புத் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடி டன் ஆகும்.

பிற மைல்கற்கள்

* 1964: குவகாத்தி - சிலிகுரி குழாய்வழி இயங்கத் தொடங்கியது.
* 1965: இண்டேன் சமையல் எரிவளியின் முதல் இணைப்பு கொல்கத்தாவில் வழங்கப்பட்டது.
* 1972: பரிதாபாத்தில் ஆய்வு, மேம்பாட்டு மையம் நிறுவப்பட்டது. சர்வோ உயவு எண்ணெய் அறிமுகமானது.
* 2007: ஐபிபி நிறுவனம் இணைக்கப்பட்டது. இந்தோ-பர்மா பெட்ரோலியம் என்னும் பெயரில் 1909 இல் தோன்றிய நிறுவனம் இது.
* 2019: பீகாரின் மோதிகாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சு வரையிலான 69 கி.மீ. குழாய்வழி திறக்கப்பட்டது.
* 2022: நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை பானிப்பட்டில் திறக்கப்பட்டது.

விழுமியங்கள்

அக்கறை, புதுமை, பேரார்வம், நம்பிக்கை ஆகிய நான்கையும் இந்நிறுவனம் தன் அடிப்படை விழுமியங்களாக அறிவித்தது. பின்னர் 'நாடே முதன்மை' என்பது ஐந்தாவதாகச் சேர்க்கப்பட்டது. இவற்றுள் அக்கறை, நம்பிக்கை ஆகிய இரண்டும் எண்ணெய்த் தொழிலில் எளிதில் சோதனைக்கு உள்ளாகக் கூடியவை. வாங்கும் எரிபொருளின் தூய்மையை வாடிக்கையாளர் கண்ணால் கண்டறிய இயலாது. கிடங்கின் அருகில் வாழ்வோர் அதன் உள்ளே நடப்பதை அறிய இயலாது. நிறுவனத்தின் செயல்முறைகளில் ஏற்பட்ட முக்கியமான மாற்றங்கள் சில, கீழ்க்காணும் நிகழ்வுகளை ஒட்டி வந்தவை.

தாச்மகாலும் மதுரா ஆலையும்

ஆக்ராவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் சுத்திகரிப்பு ஆலை அமைவதால், அதன் கந்தக ஈரொட்சைட்டு தாச்மகாலின் சலவைக்கல்லை அரிக்கும் என்ற அச்சம் எழுந்தது. இதனை ஆராய 1974 இல் எசு. வரதராசன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1978 இல் அறிக்கை அளித்த அக்குழு, ஆக்ராவில் ஏற்கெனவே இருந்த மாசு மூலங்களையும் சுட்டிக்காட்டி, ஆலையின் புகைவெளியீட்டைக் கட்டுப்படுத்தவும் காற்றின் தரத்தைக் கண்காணிக்கவும் பரிந்துரைத்தது. ஆலை எழுப்பப்படும் முன்பே சுற்றுச்சூழல் விளைவுகள் ஆராயப்பட்ட தொடக்ககால இந்திய எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

மஞ்சுநாத் கொலையும் கலப்படத் தடுப்பும்

மானிய விலை மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இடையிலிருந்த பெரும் விலை வேறுபாடு, கலப்படத்தை இலாபமான தொழிலாக்கியிருந்தது. லக்னோ இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்ற சண்முகம் மஞ்சுநாத், உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில் இந்நிறுவனத்தின் விற்பனை அலுவலராகப் பணியாற்றினார். கலப்படம் செய்த விற்பனை நிலையம் ஒன்றுக்கு முத்திரையிட்ட அவர், அந்நிலையம் மீண்டும் இயங்கியபோது மறுபடி ஆய்வு செய்யச் சென்றார். 2005 நவம்பர் 19 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. இவ்வழக்கில் குற்றவாளிகள் அறுவரின் வாழ்நாள் சிறைத்தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015 இல் உறுதி செய்தது.

கலப்படத்தைக் கண்டறிவதற்காக மண்ணெண்ணெயில் அடையாள வேதிப்பொருள் சேர்க்கும் முறையை 2006 இல் அரசு கொண்டுவந்தது, இம்முறை நீடிக்கவில்லை. விற்பனை நிலையங்களின் இருப்பையும் விற்பனையையும் கணினியால் இணைக்கும் தானியங்கு முறையும், எரிபொருள் வண்டிகளின் போக்கைச் செய்மதி வழியே கண்காணிக்கும் முறையும் பின்னர் பரவலாயின. அலுவலர் ஒருவர் நேரில் சென்று கண்டறிய வேண்டியிருந்தவற்றுள் ஒரு பகுதி இவ்வாறு கருவிகளின் பொறுப்பாயிற்று.

வாடிக்கையாளரும் எந்த விற்பனை நிலையத்திலும் சோதனை கோரலாம். வடிதாளில் இடப்படும் பெட்ரோல் துளி கறையின்றி ஆவியாக வேண்டும். அளவை 5 லிட்டர் முகவையால் சரிபார்க்கலாம். அடர்த்தியைப் பதிவேட்டிலுள்ள மதிப்புடன் ஒப்பிடலாம். வேறுபாடு கன மீட்டருக்கு 3 கிலோகிராமைத் தாண்டக் கூடாது.

செய்ப்பூர் கிடங்குத் தீ

2009 அக்டோபர் 29 மாலை, செய்ப்பூரின் சீதாபுரா பகுதியிலிருந்த கிடங்கில், அருகிலிருந்த வேறொரு நிறுவனக் கிடங்குக்குப் பெட்ரோல் அனுப்பும் ஆயத்தம் நடந்தது. அங்கிருந்த 'ஆமர் பிளைண்டு' வகை வால்வின் நிலையை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் மேற்பகுதி முழுவதும் திறந்திருக்கும். வால்வுகளைத் திறக்கும் வரிசை பிறழ்ந்ததால் அத்திறப்பின் வழியே பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்த கசிவால் உண்டான ஆவி மேகம் தீப்பற்றி வெடித்தது. பணியாளரும் வெளியாரும் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 11 தொட்டிகளில் பற்றிய தீ, எரிந்து தீரும்வரை விடப்பட்டது.

எம். பி. லால் தலைமையிலான விசாரணைக் குழு, அக்கிடங்குக்கெனத் தனியே எழுதப்பட்ட இயக்க நடைமுறை இல்லாமை, கசிவைத் தொலைவிலிருந்து நிறுத்தும் கருவி இல்லாமை, இடர்கள் பற்றிய போதிய புரிதலின்மை ஆகியவற்றை மூல காரணங்களாகக் குறிப்பிட்டது. அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து, மேற்பகுதி திறவாத வால்வுகளும், தொலைவிலிருந்து மூடத்தக்க வால்வுகளும், எரிவளி உணரிகளும் நாட்டின் பிற எண்ணெய்க் கிடங்குகளிலும் கட்டாயமாயின. இவ்விபத்துக்குப் பின் வந்த பாதுகாப்பு மாற்றங்கள் இந்நிறுவனத்துடன் நின்றுவிடாமல் இந்திய எண்ணெய்த் துறை முழுமைக்கும் பொதுவாயின.

எரிபொருள் தரம்

பாரத் நான்காம் கட்டத் தரத்தில் எரிபொருளில் அனுமதிக்கப்பட்ட கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கு. ஆறாம் கட்டத்தில் அது 10 பங்காகக் குறைக்கப்பட்டது. ஐந்தாம் கட்டத்தைத் தாண்டி நேரே ஆறாம் கட்டத்துக்குச் செல்ல அரசு முடிவெடுத்ததால், ஆலைகளின் கந்தக நீக்கப் பிரிவுகள் விரிவாக்கப்பட்டன. இத்தரம் 2018 ஏப்ரலில் தில்லியிலும் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் ஆய்வு மையம் உருவாக்கிய இண்டுமாக்சு என்னும் முறை, கனமான எண்ணெய் எச்சங்களைச் சமையல் எரிவளியாகவும் பெட்ரோல் கூறுகளாகவும் மாற்ற உதவுகிறது. இது 2003 இல் குவகாத்தி ஆலையில் முதலில் நடைமுறைக்கு வந்தது.

இலங்கையில்

இதன் துணை நிறுவனமான லங்கா ஐஓசி 2002 இல் தொடங்கப்பட்டு, இலங்கையில் எரிபொருள் விற்பனை நிலையங்களை நடத்தி வருகிறது. திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் குறித்து 2022 சனவரியில் உடன்பாடு எட்டப்பட்டது. அதன்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசியிடமும் 24 தாங்கிகள் இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்திடமும் உள்ளன. எஞ்சிய 61 தாங்கிகள், கூட்டுத்தாபனம் 51 விழுக்காட்டுப் பங்கு வைத்துள்ள கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டன. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, கூட்டுத்தாபனத்துக்கு அடுத்து நாட்டில் எரிபொருள் விற்ற ஒரே நிறுவனம் இதுவாக இருந்தது.