ஏற்பியின் வரலாறு: கருவில் குருதிக்குழாய்கள் வழி அறிந்த கதை

பேராக் ஆறு கடலோடு கலக்கும் பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு அடைமுட்டை புதிதன்று. லயத்து வீடுகளில் கோழியை அடை வைத்துச் சில நாள் கழிந்தபின், மூதாட்டியர் முட்டையை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்ப்பர். உள்ளே செந்நிற இழைகள் சிலந்திவலைபோல் படர்ந்திருந்தால் கருக்கூடியது; இல்லையேல் கூமுட்டை. அவ்விழைகளே கருவின் குருதிக்குழாய்கள். வழிகாட்டுவார் எவருமின்றி அவை உரிய இடத்தை எவ்வாறு சென்றடைகின்றன? இவ்வினாவின் வரலாற்றை இவ்வுரையில் சுருங்கக் காண்போம்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் அடைமுட்டையை உடைத்துப் பார்த்து, மூன்று நாள் கழிந்தபின் இதயம் ஒரு குருதிப்புள்ளியாய்த் துடிப்பதைக் குறித்துவைத்தார். குருதி உடலைச் சுற்றி வருகிறது என வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவினார். எனினும் தமனியிலிருந்து சிரைக்குக் குருதி செல்லும் வழியை அவர் கண்ணாற் காணவில்லை. 1661இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இரண்டையும் இணைக்கும் நுண்குழாய்களைக் கண்டார். 1917 முதல் புளோரன்ஸ் சேபின் வெளியிட்ட ஆய்வுகள், குஞ்சுக்கருவில் உயிரணுக்கள் ஒன்றுகூடிக் குழாயாவதை விளக்கின. குழாய் உருவாவதைக் கண்கள் கண்டுவிட்டன. உயிரணுவை அவ்வாறு செய்யத் தூண்டுவது எது என்பதோ புலப்படவில்லை.

அதற்கான கருத்து வேறொரு துறையில் முளைத்திருந்தது. நஞ்சும் மருந்தும் உயிரணுவில் எங்கே பற்றுகின்றன என ஆராய்ந்த பால் எர்லிக் 1900இல் ‘ஏற்பி’ என்னும் பொருள்படும் சொல்லை ஆண்டார். 1905இல் ஜான் லாங்லி ‘ஏற்கும் பொருள்’ ஒன்று உயிரணுவில் உண்டு என்றார். ஏற்பி என்பது உயிரணுவின் மேற்பரப்பில் அமைந்து, வெளியிலிருந்து வரும் வேதிச்செய்தியைப் பற்றி, அதனை உள்ளே உணர்த்தும் புரதம் என இன்று பொதுவாகக் கொள்வோம்.

குருதிக்குழாய்களை வளர்க்கும் செய்தியை 1989இல் நப்போலியோன் ஃபெராரா குழுவினர் பிரித்தெடுத்து, வி.இ.ஜி.எஃப். எனப் பெயரிட்டனர். அதனைப் பற்றும் ஏற்பிகள் அடுத்த சில ஆண்டுகளில் தெரியவந்தன. 1995இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இத்துறையின் திருப்புமுனை எனலாம். எஃப்.எல்.கே-1 என்னும் ஏற்பி நீக்கப்பட்ட எலிக்கருவில் குருதிக்குழாய்களே தோன்றவில்லை. கரு பத்தாம் நாளைக் காணாமலே மடிந்தது. எஃப்.எல்.டி-1 என்னும் ஏற்பி நீக்கப்பட்ட கருவிலோ குழாயணுக்கள் அளவின்றிப் பெருகி, ஒழுங்கு குலைந்தன. முன்னது செய்தியைக் கேட்டுச் செயற்படுகிறது. பின்னது மிகுந்து வரும் செய்தியைத் தன்னிடமே நிறுத்தி வைக்கிறது. செய்தி ஒன்றேயாயினும், அதனை ஏற்பது எது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

தமனி, சிரை என்னும் வேறுபாடு குருதியின் அழுத்தத்தாலும் ஓட்டத்தாலும் விளைவது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1998இல் டேவிட் ஆண்டர்சன் குழுவினர், குருதியோட்டம் தொடங்கும் முன்பே தமனியாகவிருக்கும் அணுக்கள் எஃப்ரின்-பி2 என்னும் புரதத்தையும், சிரையாகவிருக்கும் அணுக்கள் அதன் ஏற்பியாகிய ஈஃப்-பி4ஐயும் தாங்கி நிற்பதைக் காட்டினர். இவ்விரண்டும் எதிர்ப்படும்போது அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும். அதனால் இருவகைக் குழாய்களும் தம்முள் கலவாமல் எல்லை வகுத்துக்கொள்கின்றன.

மொழியியல் பயின்ற நமக்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபுக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் கொடையும் பகையும் அதுவாதலும் உண்டு. வளர்ச்சிச் செய்தி அணுவுக்குக் கிட்டுவது கொடை; தமனி அணுவும் சிரை அணுவும் விலகுவது பகை; அணு குழாயாக மாறுவது அதுவாதல். மூன்றிலும் ஏற்கும் இடம் ஒன்று வேண்டும். ‘ஏற்பு’ என்பதோடு இகர விகுதி சேர்ந்தமைந்த ‘ஏற்பி’, வேண்டிய பொருளை மிகையின்றித் தரும் நல்ல கலைச்சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தொடங்கி, இத்தகைய சொற்களுக்காகப் பலர் உழைத்துள்ளனர். ஈழத்தார் நாடி, நாளம் என்பதை நாம் தமனி, சிரை என்கிறோம். பெயர் வேறாயினும் பொருள் தெளிவாகவே உள்ளது.

இச்சொற்கள் தேர்வுக்கு மட்டும் உரியனவல்ல. நீரிழிவு முற்றிய கண்ணில் விழித்திரைக்கு உயிர்வளி குறையும்போது, வி.இ.ஜி.எஃப். மிகுதியாய்ச் சுரக்கிறது. கருவில் உயிர் வளர்த்த அதே ஏற்பிகள், இப்போது எளிதிற் கசியும் வேண்டாத குழாய்களை வளர்க்கின்றன, பார்வை மங்குகிறது. அச்செய்தி ஏற்பியைச் சென்றடையாதவாறு தடுக்கும் மருந்தை மருத்துவர் கண்ணுக்குள் ஊசிவழிச் செலுத்துகின்றனர். கண்ணிலா ஊசி என அஞ்சி நிற்கும் பாட்டிக்கு, அது எதைத் தடுக்கிறது என்பதைப் பேரப்பிள்ளை தமிழில் எடுத்துரைக்க வேண்டாமா? அடைமுட்டையை விளக்கொளியில் காட்டி, அச்செந்நிற இழைகளை நமக்கு முதன்முதலில் அறிமுகம் செய்தவர் அவரே. அந்த முட்டையிலிருந்தே விளக்கத்தைத் தொடங்கலாம்.