வேலிகாத்தான் வேலி தாண்டிய கதை

பார்த்திபனூரிலிருந்து கமுதி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காருங்கள். அபிராமம் வருகிறவரை வெளியே ஒரே படம்தான் ஓடும். முள், முள், முள்! வீட்டுக் கொல்லையில் முள், தரிசில் முள், கண்மாய்க்குள்ளேயும் முள். இடையிடையே கரிமூட்டத்தின் புகை.

இந்த மரத்துக்கு ஊருக்கு ஒரு பெயர். சீமைக் கருவேலம் என்பார்கள், காட்டுக்கருவை என்பார்கள். வேலிக்கருவை என்றும் சொல்வார்கள். சில மாவட்டங்களில் இன்னும் அழகாக, 'வேலிகாத்தான்'! ஏதோ ஊர்க்காவல் தெய்வத்தின் பெயர் மாதிரி இல்லை?

அந்தப் பெயருக்குள்தான் நம் கதை ஒளிந்திருக்கிறது. இந்த மரம் கொள்ளைக்காரனாக ஊருக்குள் நுழையவில்லை. காவல்காரன் வேலைக்கு நாமே கூப்பிட்டு வைத்துக்கொண்ட ஆள். வேலி என்ற விஷயத்தில் நாம் போட்ட சட்டதிட்டங்களில் எங்கே ஓட்டை இருந்தது என்று பார்த்தால், ஆசாமி எப்படி ஊரையே வளைத்தார் என்பது புரிந்துவிடும்.

தமிழனுக்கு வேலி சின்ன விஷயம் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை அளப்பதே 'வேலி' கணக்கில்தான். 20 மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் சுமார் ஆறரை ஏக்கர். வளைத்துக் கட்டியது எவ்வளவோ அவ்வளவுதான் நிலம் என்ற நினைப்பு சொல்லிலேயே இருக்கிறது. இராமநாதபுரம் சீமையிலோ முள் என்பது கோட்டைச் சுவருக்குச் சமம். 1801-ல் மருது சகோதரர்களைப் பிடிக்க சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போடப் பார்த்த வெள்ளைக்காரப் படை, ஒரு மாதத்துக்கு மேல் திண்டாடிவிட்டு வேறு பக்கமாகச் சுற்றி வந்துதான் உள்ளே நுழைந்தது. பீரங்கிக்கு மசியாத முள்!

சண்டை முடிந்து கம்பெனி ஆட்சி வந்தது. பின்னாலேயே காகிதமும் வந்தது. வேலிக்கும் சட்டங்கள் முளைத்தன.

1871-ல் கால்நடை அத்துமீறல் சட்டம். உங்கள் பயிரில் அடுத்தவர் மாடு மேய்ந்தால் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் அடைக்கலாம். மாட்டுக்காரர் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். ரேட் என்ன தெரியுமா? சட்டம் வந்தபோது யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு எட்டணா, பசுவுக்கு நாலணா, ஆட்டுக்கு ஓரணா. யானை மேய்ந்துவிட்டுப் போன வயலில் 2 ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை!

1920-ல் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம். தெருவோர வேலி இன்ன உயரத்துக்கு மேல் போகக்கூடாது, கிளை ரோட்டில் நீட்டினால் வெட்டு, வண்டி வருவதை மறைத்தால் தணித்துக் கட்டு என்று நோட்டீஸ் கொடுக்க அதிகாரம். 1923-ல் சர்வே மற்றும் எல்லைகள் சட்டம். எல்லைக்குக் கல் வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக வேலி ஒரு முழம் நகர்ந்தாலும் கல் காட்டிக்கொடுத்துவிடும். 1994-ன் ஊராட்சிகள் சட்டமும் பொதுப்பாதையில் வேலி போடாதே என்கிறது.

இராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம், கடல் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கே வேலிச் சண்டை இன்னும் பிரசித்தம். 1707-ல் டச்சுக்காரர்களுக்காக கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த 'தேசவழமை' சட்டத்தில், வேலியோரம் நட்ட பழமரம் வளைந்து பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்தால் பழம் யாருக்கு என்பதற்குக்கூட விதி இருக்கிறது. பழம் நட்டவருக்கே!

இத்தனை சட்டங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். வேலி எங்கே நிற்கிறது? எவ்வளவு உயரம்? யார் மாடு உள்ளே வந்தது? பழம் யாருக்கு? எல்லாம் கேட்டார்கள். வேலியின் விதை எங்கே போய் விழும் என்று ஒருவரும் கேட்கவில்லை. காவல்காரன் நுழைந்த ஓட்டை அதுதான்.

இப்போது ஃப்ளாஷ்பேக். 1876. சென்னை மாகாணத்தை தாது வருஷப் பஞ்சம் உலுக்க ஆரம்பித்த வருஷம். மாகாணத்தின் வனத்துறை அதிகாரி கர்னல் பெடோம், வறண்ட நிலத்துக்கு ஏற்ற இந்த அமெரிக்க மரத்தின் விதை வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம் அது. விதை வந்தது. 1877-78-ல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். ஆக, 'காமராஜர் காலத்தில்தான் இந்தச் சனியன் இந்தியாவுக்குள் வந்தது' என்ற டீக்கடை வரலாற்றில் உண்மை இல்லை. காமராஜர் பிறந்ததே 1903-ல்!

வந்த மரத்துக்கு ராஜ மரியாதை. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே. 1940-ல் ஜோத்பூர் மகாராஜா இதை 'ராஜ மரம்' என்று அறிவித்து, மக்கள் நட்டுப் பாதுகாக்க வேண்டும் என்றார். விறகாகும், கரியாகும், பாலைவன மணலைப் பிடித்து நிறுத்தும். வேலிக்கோ கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். முள் பலமானது. முக்கியமாக, இதன் இலையை ஆடு கடிக்காது. ஆடு கடிக்காத வேலி என்றால் இராமநாதபுரத்துக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ட்விஸ்ட் இங்கேதான். இலையைத் தொடாத ஆடு, காயை விரும்பித் தின்னும். காய் இனிப்பு. உள்ளே இருக்கும் விதை ஆட்டின் வயிற்றுக்குள் ஒரு சுற்று போய், எருவோடு சேர்ந்து வெளியே வந்து, இன்னும் ஜோராக முளைக்கும். அதாவது, ஆட்டைத் தடுக்க வைத்த வேலியை அந்த ஆடே ஊரெல்லாம் விதைத்தது! வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையைக் கேட்டிருக்கிறோம். இங்கே வேலியே ஓணானாகி மடியில் ஏறிவிட்டது.

இது நமக்கு முதல் அனுபவமா என்றால், அதுவும் கிடையாது. இதற்கு முன்பு சப்பாத்திக்கள்ளி இருந்தது. அதுவும் அமெரிக்கச் சரக்கு, அதுவும் வேலிக்குப் பயன்பட்டது, அதுவும் தறிகெட்டுப் பரவியது. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்த்துக் காசு பார்க்கலாம் என்று 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சி கொண்டுவந்தார்கள். வந்தது வேறு ரகம். சாயம் தேறவில்லை. ஆனால் ஒரு வகைக் கள்ளியை அது தின்றே தீர்த்தது. தப்பிப் பிழைத்து தெற்கே பரவிய இன்னொரு வகைக்கு 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது. சில வருஷங்களில் பெரும் பரப்பு காலி. கள்ளி போன இடத்தில், ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்த அடுத்த காவல்காரன் உட்கார்ந்தான்.

நான் படித்தது பி.காம். அதனால் எதையும் பேரேட்டை வைத்துத்தான் புரிந்துகொள்ள வரும். கணக்கில் தொகை சரியாக இருந்தாலும், தலைப்பு தப்பாக இருந்தால் போச்சு. கடனைச் சொத்து என்று எழுதி வைத்தால், அது வளர வளர நமக்கு சந்தோஷமாகத்தான் இருக்கும், திவாலாகிற நாள் வரைக்கும். 1919-லேயே சென்னை மாகாணத்தில் விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டம் இருந்தது. கேடு செய்யும் களை என்று ஒரு செடியை அறிவித்து, நிலத்துக்காரரையே அகற்றச் சொல்ல அதில் வழி உண்டு. ஆகாயத்தாமரைமேல் அது பாய்ந்தது. நம் ஆளோ 'வேலி', 'விறகு' என்று சொத்துப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

கென்யாவில் பாரிங்கோ ஏரிக்கரை மக்களுக்கும் இதே அனுபவம். 1980-களில் வளர்ச்சித் திட்டம் என்று நட்ட மரம் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. இனிப்புக் காயைத் தின்று தின்று ஆடுகளின் பல் போனது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். சாட்சியாக பல்லில்லாத ஆடு ஒன்றையே கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள்! 2008-ல் கென்யா அரசு இதைக் கேடு தரும் களை என்று அறிவித்தது.

நம் ஊரிலும் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. வைகோ உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதிரடியாக உத்தரவு போட்டது. பட்டா நிலத்தில் இருக்கும் சீமைக் கருவேலத்தை உரிமையாளரே அகற்ற வேண்டும். தவறினால் அரசு அகற்றிவிட்டு செலவை அவரிடமே வசூலிக்கும். 'உன் வேலி எங்கே?' என்று கேட்டே பழகிய சட்டம், 'உன் வேலி எது?' என்று வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த ஏப்ரலில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு, அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற வாதத்தைக் கேட்டு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு இழுபட்டது. 2022-ல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

இடையில் வாட்ஸப் பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. இந்த மரத்தில் கட்டிய மாடு மலடாகும், மழையையே விரட்டிவிடும் என்றெல்லாம் பரப்பினார்கள். இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. இருக்கிற குற்றமே போதும். மற்ற செடிகளை வளரவிடாது. கண்மாய்க்குள் அடர்ந்து நீர் தேங்கும் இடத்தைச் சுருக்கும். வரத்துக்காலை அடைக்கும். வானம் பார்த்த பூமியில் இதைவிடப் பெரிய குற்றம் என்ன வேண்டும்?

ஆனால் பேரேட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்தில் மழை பொய்த்த வருஷங்களில் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால்தான். விளையாத நிலத்தில் முள்ளை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லாரி ஏற்றித்தான் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. 'வேரோடு பிடுங்கு' என்று ஒரே வரியில் உத்தரவு போட்டால், அந்தக் குடும்பத்தின் அடுத்த மாத வரவுக்கு யார் பதில் சொல்வது? கண்மாயையும் வரத்துக்காலையும் முதலில் சுத்தம் செய்து, அந்த வேலையையும் விறகையும் அதே ஜனங்களுக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் நேராகும். மேலோட்டமாக வெட்டினால் மட்டும் பலன் இல்லை. ஒன்று வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். தூரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் உடனே வேறு ஏதாவது நட வேண்டும்.

என்ன நடுவது? இதற்கு நம் பாட்டன் பூட்டன் பெயரிலேயே பதில் வைத்திருக்கிறார்கள். கிளுவை இருக்கிறது, நொச்சி இருக்கிறது. ஆடாதொடை இருக்கிறது. ஆடு தொடாததால் அந்தப் பெயர் என்பார்கள். இருமலுக்குக் கஷாயமும் ஆகும். வேலிக்கு இருக்க வேண்டிய குணம் பெயரிலேயே எழுதியிருக்க, நாம் கடல் தாண்டிக் காவல்காரனைத் தேடினோம்.

அடுத்த தடவை கொல்லைக்கு வேலி வைக்கும்போது சர்வே கல் எங்கே இருக்கிறது என்று அவசியம் பாருங்கள். அப்படியே, இந்த வேலியின் விதையை எது தின்னும், எங்கே கொண்டுபோய்ப் போடும் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 1876-ல் கேட்க மறந்த கேள்வி அது.